ஆறாம் நம்பர் புரோகிராம்

அந்தப் பையை மட்டும் கீழ வைக்கச் சொல்லாதீங்கக்கா. நீங்க தாராளமா உக்காருங்க, நான் மடியில வச்சுக்கிடுதேன். உள்ள இருபத்திரண்டு ரெக்கார்டு நோட்டு இருக்கு. கீழ வச்சா எவனாவது வெத்தலை எச்சியைத் துப்பி வைப்பான், அப்புறம் அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும். உங்க மூட்டை என்னது, எலுமிச்சங்காயா? ஏறும்போதே வாசம் வந்தது. அது உங்க காலடியிலயே இருக்கட்டும், எனக்கு இடைஞ்சல் இல்ல.

திருநெல்வேலிதான் போறேன். பதினோரு மணிக்குப் பரீட்சை. எழுதப் போகலக்கா, எழுத வைக்கப் போறேன். நான் கம்ப்யூட்டர் லெக்சரர். எங்க காலேஜ்ல ஞாயித்துக்கிழமை தோறும் வேலைக்குப் போறவங்களுக்குன்னு ஒரு பட்டப்படிப்பு நடக்கு. அஞ்சல் வழிதான், ஆனா லேபுக்கு நேர்ல வந்தாகணும். அதுல ஜாவா லேபு என்னுது. பதினோரு வருஷமா என்னுது. ஜாவான்னா பயப்படாதீங்க, கம்ப்யூட்டருக்கு இன்னதைச் செய், இத்தனை தடவை செய்னு எழுதிக் குடுக்குற பாஷை, அவ்வளவுதான்.

என் மூஞ்சி ஏன் இப்படி இருக்குன்னா கேக்கீங்க? நல்லாக் கேட்டீங்க. மூணு வாரமா இந்த மூஞ்சிதான். எல்லாத்துக்கும் ஒரே ஒரு ஆளுதான் காரணம். இந்தா, எல்லாத்துக்கும் மேல இருக்கு பாருங்க பச்சை அட்டை நோட்டு, அந்த நோட்டுக்காரரு. ஞானதிரவியம்னு பேரு.

பையன் இல்லக்கா! என்னை விட ஏழு வயசு மூத்தவரு. நாப்பத்தேழு. பஸ் டெப்போவுல டயர் செக்‌ஷன். இந்த மாதிரி வண்டிக்கெல்லாம் சக்கரம் கழத்தி மாட்டுத வேலை. இருபத்திரண்டு வருஷம் டயரைத் தூக்கித் தூக்கி முதுகுல டிஸ்க் நழுவிட்டுதாம், இடுப்புல பெல்ட் போட்டுக்கிட்டுத்தான் லேபுக்கு வருவாரு. டெப்போ ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை ஒண்ணு காலியா இருக்காம். டிகிரி இருந்தா அவருக்குத்தான். ஆனா நாப்பத்தெட்டு ஆயிட்டா கிடையாதாம். எல்லாப் பேப்பரும் பாஸாயிட்டாரு, என் லேபு ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கு விட்டா அடுத்த பரீட்சை அடுத்த வருஷம். இதையெல்லாம் அவரு சொல்லலை, எங்க ஹெச்.ஓ.டி. சொன்னாரு. சொல்லிட்டு, "பாத்துச் செய்ங்கம்மா"ன்னாரு. நான் என்னத்தப் பாத்துச் செய்ய? முதுகு வலின்னா டாக்டர்ட்ட போகணும். என்கிட்ட வந்தா நான் தைலமா தேய்க்க முடியும்?

இருங்க, முதல்ல இருந்து சொல்லுதேன். அப்பந்தான் யாரு மேல தப்புன்னு உங்களுக்கே விளங்கும்.

ரெக்கார்டு நோட்டுன்னு ஒண்ணு உண்டு. பன்னிரண்டு புரோகிராம், பன்னிரண்டையும் கையால எழுதணும். வலது பக்கம் கோடு போட்ட தாள்ல புரோகிராம், இடது பக்கம் வெள்ளைத் தாள்ல அதுக்கு வந்த விடை, பென்சில்ல. கடைசியில ஒரு வரி: "இந்தப் புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது." அதுக்குக் கீழ என் கையெழுத்து. சிவப்பு மையில. பன்னிரண்டு கையெழுத்தும் இருந்தாத்தான் பரீட்சை ஹாலுக்குள்ள விடுவாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் வாசலோட திரும்பிப் போக வேண்டியதுதான்.

எதைப் பாத்து எழுதுவாங்கன்னா, லேபு மேனுவல்னு ஒரு புத்தகம். அது கையில இல்லாதவங்க போன வருஷத்து ஆளோட ரெக்கார்டை வாங்கி எழுதுவாங்க. அவங்க அதுக்கு முந்தின வருஷத்து ஆளோடதைப் பாத்து எழுதியிருப்பாங்க. எல்லாம் ஒண்ணுதான். பதினோரு வருஷமா ஒரு புள்ளி, ஒரு கமா மாறாம வந்துக்கிட்டிருக்கு. எங்க காலேஜ்ல மாறாம இருக்குறது அது ஒண்ணுதான்னு நான் பெருமையாக்கூட சொல்லியிருக்கேன்.

அந்த மேனுவலை எழுதினது யாரு? நான். முதல் பக்கத்துல அச்சடிச்சிருக்கும், தயாரித்தவர் ஆர். செண்பகவல்லின்னு. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் பேரு அச்சுல வந்தது அதுல மட்டுந்தான்க்கா. நான் வேலைக்குச் சேந்து ரெண்டாவது மாசம். பல்கலைக்கழகத்துல இருந்து சோதனைக்கு வாராங்க, நாளை மறுநாள் மேனுவல் வேணும்னுட்டாங்க. வீட்டுல மகளுக்கு அம்மை போட்டிருக்கு. வேப்பங்கொழையைக் கட்டிலச் சுத்தி வச்சுட்டு, ஒரு கையில அவளுக்கு விசிறிக்கிட்டு, ஒரு கையில எழுதினேன். லேபுக்குக் கம்ப்யூட்டரே அப்பம் வந்து இறங்கலை. மனசுலதான் ஓட்டிப் பாத்தேன். அத்தனையும் மனசுல. பன்னிரண்டு புரோகிராமும் ஒரே மூச்சுல. எங்க முதல்வரு, "சின்னப் பொண்ணு, ரெண்டு நாள்ல முடிச்சுட்டாளே"ன்னு ஸ்டாஃப் மீட்டிங்ல எந்திரிச்சு நின்னு சொன்னாரு. இப்பம் நினைச்சாலும் எனக்குக் கண்ணு கலங்கிரும்.

அதுல போயி இவரு கை வச்சுட்டாருக்கா.

ஆறாம் நம்பர் புரோகிராம். சின்னப் புள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லுதேன், கேளுங்க. பத்துப் பேரோட மார்க்கு இருக்கு. அதைக் கூட்டி மொத்தம் எவ்வளவுன்னு சொல்லணும். கம்ப்யூட்டர்ல பத்து மார்க்கையும் பத்துப் பெட்டியில வரிசையா வச்சிருப்போம். கம்ப்யூட்டர் எப்பமும் பூஜ்யத்துல இருந்துதான் எண்ணும். முதல் பெட்டி பூஜ்யம், அடுத்தது ஒண்ணு, அப்படியே போய் கடைசிப் பெட்டி ஒம்பது. பத்துன்னு ஒரு பெட்டி கிடையாது. இதை நான் போர்டுல படம் போட்டுச் சொல்லுவேன். "பத்தாம் நம்பர் பெட்டியைத் தொறக்காதீங்க, அங்க ஒண்ணும் இருக்காது"ன்னு தொண்டை கிழியக் கத்துவேன். இதுல என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

சரியா. ஒவ்வொரு பெட்டியாத் தொறந்து எடுத்துக் கூட்டணும்லா, அதுக்கு ஒரு சுத்து. லூப்பும்பாங்க. மேனுவல்ல எழுதியிருக்கேன்: ஐ பூஜ்யத்துல ஆரம்பிச்சு, ஐ பத்து வரைக்கும், பத்தும் சேத்து. மொத்தத்துக்கு டோட்டல்னு ஒரு பேரு. சுத்துக்குள்ள முதல் வரி, டோட்டலை பூஜ்யமாக்கு. அடுத்த வரி, மார்க்கை டோட்டலோட சேரு. சுத்து முடிஞ்சதும் டோட்டலை அச்சடி. விடை எழுநூத்தி இருபது. இடது பக்கம் பென்சில்ல எல்லாரும் எழுநூத்தி இருபதுன்னு எழுதுவாங்க. பதினோரு வருஷமா எழுநூத்தி இருபது.

இவரு ஒருத்தருக்கு மட்டும் எழுநூத்திப் பத்து.

எனக்கு எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. ரெக்கார்டு திருத்துத அன்னைக்கு, வரிசையா சைன் போட்டுக்கிட்டே வாரேன். நமக்கும் கை பழகிப்போச்சு, தாளைத் திருப்பவும் கையெழுத்துப் போடவும் ஒரு மணி நேரத்துல முப்பது நோட்டு முடிப்பேன். இவரு நோட்டுல ஆறாவதுல வந்து கண்ணு நின்னுட்டு. எழுநூத்திப் பத்து. என்னடான்னு வலது பக்கம் பாத்தா, பத்தும் சேத்துங்குற இடத்துல பத்துக்கு உள்ளன்னு போட்டிருக்காரு. டோட்டல் பூஜ்யம்ங்குற வரியைச் சுத்துக்குள்ள இருந்து உருவி மேல கொண்டு போயி வச்சிருக்காரு. யாரைக் கேட்டு?

"என்னங்க இது, மேனுவல்ல இப்படியா இருக்கு?"ன்னு கேட்டேன். மூத்தவரு, அதனால வாங்க போங்கதான். அவரு எந்திரிச்சு நின்னு, "இல்ல மேடம், மேனுவல்ல உள்ளபடி போட்டா ஓட மாட்டேங்குது. நான் போட்டுப் பாத்தேன். நீங்களும் ஒருவாட்டி போட்டுப் பாத்தீங்கன்னா தெரியும்"ங்காரு. இருபத்தொரு பேரு முன்னால! சிவப்புப் பேனாவால குறுக்க ஒரு கோடு போட்டு, "மறுபடி எழுதவும்"னு எழுதி நோட்டை நீட்டிட்டேன்.

அடுத்த ஞாயிறு எழுதிக்கொண்டு வந்தாரு. அதே எழுநூத்திப் பத்து! மறுபடியும் கோடு. அதுக்கு அடுத்த ஞாயிறு என்ன செஞ்சிருக்காரு தெரியுமா? வலது பக்கம் மேனுவல்ல உள்ளதை அப்படியே எழுதி, அதுக்கு எதிர்ல இடது பக்கம் தன்னோடதை எழுதி, கீழ பென்சில்ல சின்னதா, "மேடம், தயவுசெய்து ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும்." தயவுசெய்து! குத்துறதையும் குத்திட்டு மருந்தும் போடுதாரு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம், அந்தக் கதைதான். டயர் மாட்டுதவருக்கு என் புரோகிராம் கோணலாத் தெரியுது.

விளக்கம் வேற சொன்னாரு, கேளுங்க. "மேடம், பஸ் சக்கரத்துல பத்து நட்டு. பத்தையும் முறுக்கிட்டு பதினோராவது நட்டுக்கு ஸ்பானரைக் கொண்டு போனா, அங்க நட்டு இருக்காது, கையிலதான் அடிபடும். உங்க சுத்து பதினோரு தடவை சுத்துது மேடம்." பின்னால உக்காந்திருந்த ரெண்டு பேரு சிரிச்சுட்டாங்க. என்னைப் பாத்துச் சிரிக்கலைன்னு எனக்குத் தெரியும், நட்டைப் பாத்துத்தான் சிரிச்சாங்க. இருந்தாலும் எனக்குக் காதெல்லாம் சூடாயிட்டு. "இது லேபு, டெப்போ இல்ல"ன்னு சொல்லிட்டேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. உக்காரும்போது பெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் பைய உக்காந்தாரு, முதுகு முடியலைலா. எனக்கும் மனசு ஒரு மாதிரிதான் ஆச்சு. ஆனா வாய்ல வந்த வார்த்தையைத் திரும்ப முழுங்க முடியுமா?

என்னது? நான் ஓட்டிப் பாத்தேனாவா?

நீங்களுமாக்கா! எல்லாரும் இதையே கேளுங்க. அவரு கேட்டாரு, ஹெச்.ஓ.டி. கேட்டாரு, எங்க வீட்டுக்காரரு இட்லியைப் பிட்டுக்கிட்டே கேட்டாரு. எலுமிச்சங்காய் விக்குத நீங்களும் கேட்டாச்சு. எங்க லேபுல இருபது கம்ப்யூட்டர், ஆறுதான் ஓடும். அந்த ஆறுல மூணுல கீபோர்டு இல்ல. ஞாயித்துக்கிழமை கரண்டு எப்பம் இருக்கும்னு சொல்ல முடியாது. எங்கிட்டு ஓட்டிப் பாக்க? வீட்டுல லேப்டாப் இருக்கு, இல்லைன்னு சொல்லலை, இந்தப் பைக்குள்ளயே இருக்கு. ஆனா நான் எழுதினதை நானே ஓட்டிப் பாத்தா, அவரு சொன்னது சரியோன்னு எனக்குச் சந்தேகம் வந்துட்டதா ஆகாதா? ஒரு மரியாதைன்னு ஒண்ணு இல்லையா?

இவ்வளவு நாளும் பரீட்சையில ஓடத்தானே செஞ்சது? ஓடுச்சு. அதாவது, எழுதிக் காட்டுவாங்க. வெளியில இருந்து பரீட்சை எடுக்க வாரவரு டீயைக் குடிச்சுட்டு ரெண்டு கேள்வி கேப்பாரு, மார்க்கு போட்டுருவாரு. இந்த வருஷம் வாரவரு யாரோ புதுசாம், ஒவ்வொருத்தரும் ஓட்டிக் காட்டணும்னு சொல்லுதாராம். சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி எங்க இருந்துதான் வாராங்களோ. பன்னிரண்டு நம்பரையும் சீட்டுல எழுதிக் குலுக்கிப் போடுவோம், யாருக்கு எது வருதோ அதை எழுதணும். சீட்டு எழுதிக் கொண்டு வாரது நான்தான். ஆறாம் நம்பர் சீட்டை இந்தத் தடவை வீட்டுலயே வச்சுட்டு வந்துட்டேன். ஏன்னு கேக்காதீங்க. இருபத்திரண்டு பேருக்குப் பதினோரு சீட்டு இருந்தா சீட்டுக்கு ரெண்டு பேருன்னு கணக்கு சரியா வரும், அதுக்காகத்தான்.

கயத்தாறு வந்துட்டா? தண்ணி குடிங்கக்கா. எனக்கும் தொண்டை காஞ்சு போச்சு.

இப்பம் பிரச்சனை என்னன்னா, ஆறாவதுக்கு நான் கையெழுத்துப் போடலை. பதினொண்ணுல இருக்கு, ஆறுல இல்ல. நேத்து ஹெச்.ஓ.டி. போன் போட்டு, "பதினோரு மணிக்குள்ள நீங்க போட்டாச் சரி, போடலைன்னா அந்த மனுஷன் வெளிய நிக்கணும். உங்க இஷ்டம்"னுட்டு வச்சுட்டாரு. என் இஷ்டமாம்! பழி பூராவும் என் தலையில. நான் போட மாட்டேன்னு சொல்லலைக்கா. மேனுவல்ல உள்ளபடி எழுதிட்டு வாங்க, அடுத்த நிமிஷம் போடுதேன்னுதான் சொன்னேன். அதுக்கு அவரு, "மேடம், சரிபார்க்கப்பட்டதுன்னு கடைசி வரியில எழுதணும்லா. ஓடாத ஒண்ணை ஓடுச்சுன்னு எப்படி எழுத?"ங்காரு. இருபத்தொரு பேரு எழுதலையா? பதினோரு வருஷமா எழுதலையா? அவங்களுக்கெல்லாம் மனசாட்சி இல்லையா? இவரு ஒருத்தருக்குத்தான் சாமி தனியா மனசாட்சி குடுத்து அனுப்பியிருக்கா?

இருங்க, போன்ல ஏதோ வருது... பாத்தீங்களா, அவரேதான். "மேடம், பை கனமாக இருக்கும். பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன்." ஐஸ் வைக்காரு. முதுகு போனவரு பை தூக்க வாராராம். நான் எந்த வண்டியில வாரேன்னு இவருக்கு யாரு சொன்னது? சரிதான், டெப்போக்காரரு, கோவில்பட்டியில இருந்து எது எத்தனை மணிக்கு உள்ள வரும்னு தெரியாமலா இருக்கும்.

கோபமா வருதுக்கா. திட்டினாக்கூட நானும் திட்டிட்டுப் போயிருவேன். இப்படி மெதுவாப் பேசியே ஆளைக் கொல்லுதாரு.

என்ன மார்க்குன்னா கேட்டீங்க? இந்தா, அவரு நோட்டுலயே இருக்கு. வாசிக்கேன். எழுபத்திரண்டு, அறுபத்தஞ்சு, எண்பத்தொண்ணு, அம்பத்தெட்டு, தொண்ணூறு, எழுபத்தேழு, அறுபத்திநாலு, எண்பத்திமூணு, எழுபத்தொண்ணு, நாப்பத்தொம்பது. நம்ம இஷ்டத்துக்கு எழுதின மார்க்குதான், நிஜப் பிள்ளைங்களோடது இல்ல. ஏன், எதுக்குக் கேக்கீங்க?

எவ்வளவு?

இல்லக்கா, எங்கயோ விட்டிருப்பீங்க. திரும்ப வாசிக்கேன், பைய. எழுபத்திரண்டு... அறுபத்தஞ்சு... எண்பத்தொண்ணு... அம்பத்தெட்டு... தொண்ணூறு... எழுபத்தேழு... அறுபத்திநாலு... எண்பத்திமூணு... எழுபத்தொண்ணு... நாப்பத்தொம்பது.

எழுநூத்திப் பத்தா?

இருங்க. போன்ல கால்குலேட்டர் இருக்கு. நீங்க மனக்கணக்குப் போட்டீங்க, தப்பாக்கூட இருக்கலாம்லா.

ம்.

அப்பம் கால்குலேட்டர்ல கூட்டித்தான்க்கா எழுதினேன். அன்னைக்கு. சத்தியமா கூட்டினேன். ஒரு கையில விசிறிக்கிட்டு இருந்தேன்லா, எங்கயோ விரல் மாறி விழுந்திருக்கும். பத்து கூட ஆயிட்டு. கைப்பிழைதான், புரோகிராம் தப்புன்னு ஆயிராதுல்லா? விடை வேற, புரோகிராம் வேற. நான் எழுதின சுத்து சரியாத்தான் இருக்கும்.

பாருங்க, நீங்க சும்மா பாக்குறதே கேள்வி கேக்குற மாதிரி இருக்கு. சரி. ஓட்டிருவோம். பையைக் கொஞ்சம் உங்க மடியில வச்சுக்கோங்க. உங்க கண்ணு முன்னாலயே ஓட்டிக் காட்டுதேன், அப்புறம் திருநெல்வேலியில இறங்கி நீங்களே அவருகிட்டச் சொல்லுங்க. சார்ஜ் பாதி இருக்கு, போதும். மேனுவலைப் பிடிங்க, இந்தப் பக்கம். ஆடாமப் பிடிங்க, டிரைவர் வேற குழியெல்லாம் தேடிப் பிடிச்சு விடுதாரு.

ஒரு எழுத்து மாத்தலை, பாத்துக்கோங்க. அப்படியே அடிச்சிருக்கேன். இப்பம் ஓட்டுதேன்.

ஓடலை. டோட்டலுக்கு முதல்ல ஒரு மதிப்பு குடுக்கலையாம். சுத்துக்குள்ள குடுத்திருக்கேன், அது பத்தாதாம், வெளியவே குடுக்கணுமாம். ஆமா... ஆமா, அப்படித்தான். வகுப்புல நான் சொல்லுவேன், பேரு வச்சா மட்டும் போதாது, உள்ள எதையாவது வைக்கணும்னு. சரி, மேல ஒரு பூஜ்யம் போட்டுட்டேன். சின்ன விஷயம். இப்பம் பாருங்க.

சிவப்பா வருதுக்கா.

பத்தாம் நம்பர் பெட்டி இல்லைங்குது. நீளம் பத்து, பத்தாம் நம்பர் இல்ல. பூஜ்யத்துல இருந்து ஒம்பது வரைக்குந்தான். பத்தும் சேத்துன்னு நான் போட்டதால பதினோராவது தடவை போயி... நட்டு இல்லாத எடத்துல... சரி, விடுங்க. பத்தும் சேத்துன்னு காட்டுற ஒரு ஈக்வல் குறிதான் கூட. அதை எடுத்துட்டேன். இப்பம் வந்துரும்.

வந்துட்டு. மொத்தம் நாப்பத்தொம்பது.

நாப்பத்தொம்பதா? பத்துப் பேருக்கும் சேத்து? அது கடைசி ஆளோட மார்க்குல்லா? என்ன எழவு இது, மத்த ஒம்பது பேரு எங்க போனாங்க?

என்னக்கா சொன்னீங்க? சிலேட்டா? திரும்பச் சொல்லுங்க.

ஒவ்வொரு மூட்டையும் எண்ணுறதுக்கு முன்னால சிலேட்டை அழிச்சா, கடைசியில கடைசி மூட்டைதான் நிக்கும். ஆமா. டோட்டல் பூஜ்யம்ங்குறதை நான் சுத்துக்குள்ள வச்சிருக்கேன். ஒவ்வொரு தடவையும் அழிச்சுட்டு அழிச்சுட்டு எழுதுது. அதைத்தான் அவரு உருவி மேல வச்சிருந்தாரு.

எடுத்துட்டேன். எழுநூத்திப் பத்து வந்துட்டு.

தண்ணி பாட்டிலைக் குடுங்கக்கா.

ஒண்ணுமில்ல, அழல. ஜன்னல் வழியாத் தூசி வருது. ஏன்க்கா, பதினோரு வருஷம்! எத்தனை நோட்டு! எத்தனை கையெழுத்து! சரிபார்க்கப்பட்டது, சரிபார்க்கப்பட்டதுன்னு கை வலிக்க வலிக்கப் போட்டிருக்கேனே. ஒருத்தராவது ஓட்டிப் பாக்கலை. நானாவது ஓட்டிப் பாக்கலை. எந்திரிச்சுச் சொன்ன ஒரே ஒரு மனுஷனை, இது டெப்போ இல்லன்னு சொல்லி உக்கார வச்சுட்டேன். எம்மேல எனக்கே எரிச்சலா வருது.

தாழையூத்து தாண்டிட்டு. பேனாவை எங்க வச்சேன்... இந்தா இருக்கு. நோட்டைப் பிடிங்க. கையெழுத்துப் போடப் போறேன். எங்க போட? வலது பக்கம் என்னோடது இருக்கு, இடது பக்கம் அவரோடது. இடது பக்கம் இதுவரைக்கும் நான் சைன் போட்டதே இல்ல. போட்டுருதேன். தேதியும் போட்டுட்டேன். நல்லாருக்கா? வண்டி ஆட்டத்துல கொஞ்சம் கோணிட்டு. ஆனா ஓடினதைக் கண்ணால பாத்துட்டுப் போட்ட கையெழுத்து இது ஒண்ணுதான்.

மத்த இருபத்தொரு நோட்டா? அதை இப்பம் பேசாதீங்கக்கா. ஆறாம் நம்பர் சீட்டுதான் வீட்டுல கெடக்கே, யாருக்கும் வராது. ஏன் அப்படிப் பாக்கீங்க? வந்தா இருபத்தொரு பேரும் ஓடாத புரோகிராமை வச்சுக்கிட்டு முழிப்பாங்க, தேவையா? அவருக்கு வந்திருந்தா மட்டும் நல்லா எழுதியிருப்பாரு, அது உண்மைதான். அடுத்த ஞாயித்துக்கிழமை மேனுவலைத் திருத்திருதேன். சத்தியமா.

ஆனா ஒண்ணுக்கா. நீங்க ஒரு உதவி செய்யணும். அவரு பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு. நான் அவருகிட்ட, வயசுல மூத்தவரு, போனாப் போகுதுன்னு போட்டுட்டேன்னு சொல்லிக்கிடுதேன். நீங்க ஒண்ணும் வாயைத் தொறந்துராதீங்க. எழுநூத்திப் பத்துன்னு மட்டும் சொல்லிராதீங்க. இருபத்தொரு பேருக்கு முன்னால நான் திரும்ப நிக்கணும்லா. என் பேரு அதுல அச்சடிச்சிருக்குல்லா.

புது பஸ் ஸ்டாண்டு வந்துட்டு. பையை அந்தக் காதுல நீங்க பிடிங்க, இந்தக் காதுல நான் பிடிக்கேன். ரெண்டு பேரும் சேந்து இறக்கிருவோம். அவரைத் தூக்க விடக்கூடாது, டிஸ்க் நழுவினவரு.

அந்தா நிக்காரு பாருங்க. நீலச் சட்டை. சட்டைக்கு மேல பெல்ட் தெரியுதுல்லா, அவருதான். வண்டி கூடவே நடந்து வாராரு பாருங்க, இந்த முதுகோட. இந்த ஜன்னலுக்குத்தான் வாராரு.

வாங்க சார்... ஆமா, ஒம்பது மணி வண்டிதான்... இல்ல, பை எங்ககிட்ட இருக்கட்டும்.

கேட்டீங்களாக்கா அவரு கேட்டதை? சைன் போட்டீங்களான்னு கேக்கலை. நாப்பத்தெட்டு வயசாகப் போறதைச் சொல்லலை. "ஓட்டிப் பாத்தீங்களா மேடம்?"னு கேக்காரு. அது ஒண்ணுதான் கேக்காரு. பதிலுக்கு நிக்காரு பாருங்க, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு.

எனக்கு வாய் வர மாட்டேங்குதுக்கா. நீங்களே சொல்லிருங்க. எழுநூத்திப் பத்துன்னு சொல்லிருங்க.